ஸ்டாக்கில் தேடிய எண்கள்

மார்ச் 3
காலையிலிருந்து மழை. அலுவலகத்தில் அண்ணனின் மேசையைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனை வேலையைவிட்டு அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மருந்து செலுத்தும் பம்புக்கு அவனும் நானும் சேர்ந்துதான் நிரல் எழுதினோம். நான் சி மொழியில் எழுதிய நிரல் வேகம், அளவு என்று இரண்டு எண்களை அனுப்பும். அவன் அசெம்பிளி மொழியில் எழுதிய நிரல் அவற்றை வாங்கி மோட்டாரைச் சுழற்றும். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவுக்கு மருந்து அளவுக்கு மீறி ஏறிவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை. "அசெம்பிளியில கோளாறு" என்று ஒரே வரியில் முடித்து, மேனேஜர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மார்ச் 5
அண்ணி போனில் அழுதார். "சாப்பிட மாட்டேங்கறார். தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கறார். நீயாவது பேசேன்."

என்னத்தைப் பேச?

மார்ச் 6
அவன் எழுதியதை வரி வரியாகப் படித்தேன். தப்பே இல்லை. அப்படியென்றால் தப்பு என்னுடையதா? என் நிரலையும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

மார்ச் 9
என்னுடையதும் இல்லை.

மார்ச் 10
பிடித்துவிட்டேன். நாங்கள் எழுதுவதை மெஷின் மொழியாக்கும் கம்பைலரைப் பொதுக் கணினியில் மாற்றியிருக்கிறார்கள். பழையது இரண்டு எண்களையும் ஸ்டாக் என்கிற நினைவக அடுக்கில் வைத்துவிட்டு அண்ணனின் நிரலைக் கூப்பிடும். புதியது செயலிக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டரில் வைக்கிறது. அண்ணனின் நிரல் வழக்கம்போல ஸ்டாக்கில் தேடி, அங்கே கிடந்த ஏதோ குப்பையை எடுத்திருக்கிறது. சோதனையின்போது முந்தின வேலையின் மிச்சமாகச் சரியான எண்களே அங்கே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பாழாய்ப்போன அதிர்ஷ்டம்!

மாற்றச் சொன்னது மேனேஜர். அண்ணிக்கு ஆபரேஷன் என்று அண்ணன் அப்போது லீவில் இருந்தான். அவனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11
மேனேஜரிடம் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.
"புதுசா போற பம்புல சரி பண்ணிடு. ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் குடுத்தாச்சு, அதைக் கிளறாத."
"அப்ப அண்ணன் மேல இருக்கற பழி?"
"உனக்கு வேலை வேணும்ல?"

ச்சே, திரும்பி வந்து என் நாற்காலியில உட்கார்ந்துட்டேனே! ஏற்கெனவே வார்டுகளில் ஓடுகிற பம்புகளை என்ன செய்வது என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 12
அண்ணனிடம் சொன்னேன். நிம்மதியாவான் என்று நினைத்தேன்.
"யார் தப்பா இருந்தா என்ன பாப்பா? மருந்தைத் தள்ளுனது நான் எழுதுனதுதானே."

மார்ச் 14
அந்த அம்மா இறந்துவிட்டார்.

மார்ச் 15
அண்ணன் போனை எடுக்கவில்லை. நானும் படுக்கையைவிட்டு எழவில்லை. எழுந்து என்ன செய்ய?

மார்ச் 17
காலையில் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டருக்கு அலுவலக மெயிலிலிருந்தே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டு வந்தால், என் அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை. காவலாளி என் பையை வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 20
டாக்டரே கூப்பிட்டார். பம்புகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "இறந்துபோனவங்களோட பொண்ணு என்ன நடந்துச்சுன்னு கேக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்வீங்களா?"

அண்ணனிடம் கேட்டேன். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு..." என்றவன் பாதியில் எழுந்து போய்விட்டான்.

மார்ச் 21
அண்ணன் வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் சவரம் செய்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"ஸ்டாக்குன்னா என்னன்னு அந்தப் பொண்ணுக்குப் புரியற மாதிரி எப்படிப் பாப்பா சொல்றது?"