எனக்கும் இதேதான்

நாள் 212, 09:10
நிலவின் தென்முனை நிலையம். இருப்பது நான் ஒருத்திதான்: தவமணி, பராமரிப்புப் பொறியாளர். நீர் சரி. மின்சாரம் சரி. காற்று வால்வு மூன்று விநாடி தாமதமாகத் திறந்தது. பழைய கோளாறு. அணைத்துப் போட்டேன், சரியாயிற்று.

13:40
வால்வு திறக்கவேயில்லை. கையால் திறக்கக் கைப்பிடி கிடையாது. எடை குறையட்டும் என்று நிறுவனம் கழற்றிவிட்டது. 'நெடுமூச்சு' என்ற நிரல் சொன்னால்தான் திறக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் கிடக்கும் நிரல் அது. எல்லா நிலையங்களும் எடுத்துக்கொண்டன. திருத்துவது ஒரே ஆள், தூத்துக்குடியில் இருக்கும் சுடலைமுத்து. அவர் கையொப்பம் இல்லாத எதையும் வால்வு ஏற்காது. காற்று ஐந்து மணி நேரத்துக்கு இருக்கிறது.

14:05
பிழைப் பட்டியலில் பார்த்தேன். வால்வுப் பிழை நான்கு வருடமாகத் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. கீழே 312 பேர் 'எனக்கும் இதேதான்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தரும் ஒரு வரி திருத்தவில்லை. அந்த வரிசையில் நாற்பத்தோராவது ஆள் நான்.

சுடலைமுத்துவுக்கு வாய்க்கு வந்தபடி எழுதினேன். சோம்பேறி என்றும் எழுதினேன். பதில் வந்தது:

"லீவு நாள்ல ஒத்தையில உக்காந்து இதப் பாக்கேன். நாலு வருசமா எட்டிப் பாத்துட்டுப் போனிய, இப்ப திட்ட வந்திருக்கிய. திருத்தி அனுப்புங்க, பாக்கேன்."

16:20
திருத்தி அனுப்பினேன். கையொப்பமிட மறுத்துவிட்டார். என் திருத்தம் போனால் செவ்வாய் நிலையத்தின் பழைய வால்வு மூடிக்கொள்ளுமாம். அங்கே நாற்பது பேராம். அப்படி ஆகாது என்று சோதனை நிரல் எழுதி நிரூபிக்க வேண்டுமாம். எனக்கு மூச்சு முட்டுகிறது, இந்த ஆள் சோதனை கேட்கிறான். பாவி.

17:35
சோதனை எழுதி ஓட்டினேன். என் திருத்தம் தோற்றது. அவன் சொன்னது சரி. நாற்பது பேரைக் கொன்றிருப்பேன். அதற்கும் அவன் மேல்தான் கோபம் வருகிறது.

18:02
மறுபடி திருத்தினேன். சோதனை தேறியது. சுடலைமுத்து உடனே கையொப்பமிட்டார்.

"இப்ப சரியா இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

எல்லா நிலையங்களுக்கும் தொகுத்து அனுப்ப எழுபது நிமிடம் ஆகும். காற்று முப்பத்தெட்டு நிமிடம்.

18:31
எழுத்து இரண்டிரண்டாகத் தெரி
திரையில் தானியங்கிச் செய்தி

"உங்கள் முதல் பங்களிப்புக்கு வாழ்த்துகள், தவமணி. உங்களைப் போன்றவர்களால்தான் நெடுமூச்சு வாழ்கிறது. அடுத்து எந்தப் பிழையை எடுத்துக்கொள்கிறீர்கள்?"