கேட்காமலே நிற்கும் வண்டி

என் அன்பு அப்பாவுக்கு,

பெரியவர்களுக்கு எழுதும்போது ‘நீங்கள்’ என்று எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். உனக்கு எழுதும்போது அது கைக்கு வரவில்லை. வீட்டில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணனுடைய பீரோ இப்போது நம் கூடத்தில் நிற்கிறது. அம்மா அடுப்படிக்கு உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் போய் வருகிறாள். போகும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். காரணம் நான்தான். உன் ரயிலும்தான்.

அந்த ரயில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விடக் கிளம்பினார். அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நீ பலமுறை சரிசெய்து கொடுத்திருந்தாய். அவருடைய பிள்ளைகள் விளையாடும் வயதைக் கடந்துவிட்டார்கள் என்று ஓர் அட்டைப் பெட்டியை உன் சைக்கிள் கேரியரில் கட்டி அனுப்பினார். உள்ளே கையளவு கறுப்பு எஞ்சின், நான்கு பெட்டிகள், ஒரு கட்டுத் தண்டவாளம். மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்த எண்ணெய்க் கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் நீ அதைத் தொட்டாய்.

சேவியர் அண்ணன் கல்யாணமாகி ரெட்டியார்பாளையத்துக்குக் குடிபோனதும் அவன் அறை காலியானது. மறுநாளே நீ அளவு நாடாவோடு உள்ளே போய்விட்டாய்.

“விழுப்புரம் வண்டியத்தான செய்யப் போற?” என்று அண்ணன் கேட்டான்.

“அதான் டேசன்ல நிக்குதே, போய்ப் பாத்துக்கோ. நான் செய்யறது எங்கயும் இல்லாத வண்டிடா” என்றாய்.

எந்த வரைபடத்திலும் இல்லாத பாதை அது. கடற்கரையில் கிளம்பி, தேங்காய்த்திட்டில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு, மில் வாசலில் ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்காகக் காத்திருந்து, பிறகு நாமே பெயர் வைத்த ஊர்களுக்குள் நுழைந்துவிடும். கொக்குமேடு. உப்புக்கேணி. சங்குபுரம். நான்காவதோடு படிப்பை நிறுத்தியவன் நீ. பெயர்களை நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வளைவு எத்தனை அங்குலத்தில் திரும்பினால் எஞ்சின் கவிழாது என்று கணக்குப் போட்டதும் நான்தான். “பி.எஸ்சி. கணக்கு இதுக்காச்சும் ஆவுதே” என்றாள் அம்மா.

அப்போது நான் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்தேன். யாராவது சொன்னால்தான் நம் நிறுத்தத்தில் பஸ் நிற்கும். ‘எறங்கணும்’ என்ற ஒரு வார்த்தை எனக்குத் தொண்டையைத் தாண்டாது. வேறு யாரும் இறங்காத நாளில் அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து வருவேன். ஒருநாள் மத்தியான வெயிலில், வரக்கூடாத திசையிலிருந்து நான் நடந்து வருவதை நீ பார்த்துவிட்டாய். சாயங்காலம் நம் ரயிலின் கால அட்டவணைத் தாளை எடுத்து வைத்து, “மேல எழுதும்மா” என்றாய். நீ சொன்னதை அப்படியே எழுதினேன். எல்லா ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கேழ்வரகுக் கூத்தை மறக்க முடியுமா? கிறிஸ்மஸ் குடிலில் மாட்டுக்கொட்டகையைச் சுற்றிப் பச்சை தெரிய வேண்டும் என்று வருஷா வருஷம் தட்டில் கேழ்வரகு முளைக்க வைப்பாய். அதே கைப்பழக்கத்தில், வெள்ளோட்டத்துக்குப் போட்ட பலகையிலும் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் மண் பரப்பி விதைத்துவிட்டாய். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாய். பத்தே நாளில் வயல் அசல் வயலாக நின்றது. பலகை உப்பி வளைந்தது. தண்டவாளம் துருப்பிடித்தது. எஞ்சின் நகர மாட்டேன் என்றது.

“ரயிலு ஓடற எடத்துல நாத்து வுட்ட மனுசன் இந்தப் பாண்டிச்சேரிலயே நீ ஒருத்தந்தான்யா” என்று அம்மா சிரித்த சிரிப்பு! நீயும் சிரிக்கத் தொடங்கி, அது இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் போட்டு நான் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மில் பஞ்சு உன் நெஞ்சுக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா?

போன தவக்காலத்துக்கு முன்பே நீ போய்விட்டாய். அறையில் மிஞ்சியது ஒரு சுவரில் நீ அடித்த தாங்கிகள், அவற்றின் மேல் புதிய பலகை, மூன்று சுவர்களிலும் பென்சிலால் வரைந்த பாதை, அட்டைப் பெட்டிக்குள் திரும்பிப் போன ரயில். அவ்வளவுதான். கதவைத் திறக்காமலே ஒரு வருஷம் இருந்தோம்.

இந்த மாதம் அண்ணன் வந்தான். மாமனார் வீட்டுச் சீர் பீரோவும் கட்டிலும் அவன் போர்ஷனில் அடங்கவில்லையாம். “அந்த ரூம் சும்மாதான கெடக்கு? பலகையப் பேத்துட்டு வெள்ளையடிச்சுட்டா போதும். ஞாயித்துக்கெழம எறக்கிடறேன்” என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

வேறு யாரோ உன் கோடுகளின் மேல் சுண்ணாம்பு அடிப்பதை என்னால் பார்க்க முடியாது. நானே அழித்துவிடலாம் என்று சனிக்கிழமை ஈரத்துணியோடு உள்ளே போனேன். பலகைக்கு அந்தப் பக்கம், சுவரில், சங்குபுரம் என்று என் கையெழுத்து. எட்டித் துடைக்கக் கையை நீட்டினேன். எட்ட வேண்டியிருக்கவில்லை அப்பா. விரல் நுனி சரியாகச் சுவரில் போய் நின்றது.

துணியைக் கீழே வைத்துவிட்டேன். பலகை அகலம் இருபத்திரண்டு அங்குலம். “உன் கைதான் மூணடிக்குப் போகுமே, அகலமா போடுப்பா, மலைக்கு எடம் வேணும்” என்று நான் எத்தனை முறை சண்டை போட்டேன்! “போதும்மா” என்பாய். ஆசை ஆசையாக வரைந்த மலையைக்கூட விட்டுக்கொடுத்தாய். உயரமும் அப்படித்தான். என் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது. நீ என்றால் குனிந்து குனிந்து முதுகு போயிருக்கும். ஒருநாள், “நாடா சரியா இருக்குதான்னு பாக்கணும், கைய நீட்டு” என்று என் கையை அளந்தாயே, அது நாடாவைச் சோதிக்க இல்லை, அப்படித்தானே? ஓட்டப்போவது நான்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மூன்று சக்கர வண்டி வாசலில் நின்றது. அண்ணனும் வண்டிக்காரரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு அறை வாசல் வரை வந்துவிட்டார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“எறக்காதீங்க” என்றேன்.

“இன்னாது?” என்றான் அண்ணன்.

“இங்க எறக்காதீங்கண்ணா. இது அப்பா ரயிலு ரூம். தண்டவாளத்த நான் போடப் போறேன்.”

“அம்மா, இவ பேசறாம்மா!”

“எனக்கும் காது கேக்குது. எங்கனா வெச்சிட்டுப் பேசுங்கடா, அந்த மனுசன் கை வுட்டுடப் போறாரு” என்றாள் அம்மா. வைத்த இடம்தான் கூடம். அண்ணன் கோபமாகத்தான் போனான். கட்டிலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டான். அடுத்த வாரம் வருவான். அவனுக்கும் அந்தப் பலகையைக் காட்டுவேன்.

நேற்று அம்மா பீரோவில் முழங்கையை இடித்துக்கொண்டு, தேய்த்தபடியே அறைக்குள் எட்டிப் பார்த்தாள். “அந்த மீன் வண்டி எத்தினி மணிக்கு கெளம்பும்?” என்று கேட்டாள். ஆறேகால் என்றேன். அட்டவணையில் நீ சொன்ன நேரம் அதுதான்.

இந்தக் கிறிஸ்மஸுக்குள் சங்குபுரம் வரை தண்டவாளம் போட்டுவிடுவேன் அப்பா. கேழ்வரகைத் தனித் தட்டில் விதைத்துப் பக்கத்தில் வைப்பேன். அட்டவணையின் முதல் வரியை மாற்ற மாட்டேன். எனக்கு இப்போது கேட்க வருகிறது. ஆனாலும் எந்த ஸ்டேஷனிலாவது வாய் திறக்காத ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வண்டி நிற்கும்.

இருபத்திரண்டு அங்குலக் கைக்காரி,
உன் மகள்
ஜெயமேரி