சேகரின் முட்டி உறை

மாமா,

புயலில் ஓடு பறந்துபோன அறையைக் காலி செய்யும்போது உங்கள் தகரப்பெட்டியைத் திறந்தேன். வலித் தைலத்தின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. உங்கள் சட்டைகளுக்கு அடியில், கபடிக்காரர்கள் முழங்காலில் மாட்டும் கறுப்பு எலாஸ்டிக் உறை ஒன்று. ஓரத்தில் பச்சை நூலில் என் தையல். அது சேகருடையது. அது எப்படி உங்கள் பெட்டிக்கு வந்தது?

நான் சந்தேகப்பிராணி என்று முதுநகருக்கே தெரியும். "சாமியே வந்து நின்னாலும் ரேஷன் கார்டு கேப்ப நீ" என்பீர்கள். கேட்டால் என்ன தப்பு?

நம் முதுநகர் கபடி அணியின் சட்டைகளுக்கு நம்பர் தைத்துக் கொடுத்தது நான்தானே. சேகர் அப்போது நம் பையன். அவன் பாடிப் போய் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். உறை கிழிந்தபோது புதிது வாங்க மாட்டேன் என்றான். "இத மாட்னாதாங்க்கா காலு நிக்குது. தச்சிக் குடுங்க." கையில் கிடைத்த பச்சை நூலில் தைத்தேன். பிறகு சிதம்பரத்தில் பெண் எடுத்து அங்கேயே குடிபோனான். அடுத்த முறை பார்த்தபோது அவன் மேல் சிதம்பரத்துச் சட்டை.

அந்தப் போட்டி நம் மைதானத்திலேயே நடந்தது. கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தான். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நம் பக்கத்து ஆட்களின் கைகள் பாதியில் நின்றன. "நடிப்பு" என்றேன். முதல் தடவை பாடி வந்தபோது அவனை நம் பையன்கள் மடக்கிப் பிடித்தார்கள். வேண்டுமென்றே மாட்டிக்கொள்கிறான், நம்மை அசரவைக்கப் பார்க்கிறான் என்றேன். அடுத்து வந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போனான். துரோகி என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"புடிபட்டா நடிப்பு, தொட்டா துரோகம். அவன் என்னதான் பண்ணுவான், சொல்லு?"

"பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா பொறந்த ஊரு மறந்துடுமா?"

"நானும் சிதம்பரத்துக்காரன்தான். உன்னக் கட்டிக்கினு உன் பக்கம் வந்து உக்காரல?"

அந்தப் பதில் என்னைக் குடைய ஆரம்பித்தது. அதுவரை சேகரை மட்டும்தான் கவனித்தேன். பிறகு உங்கள் கையையும் கவனித்தேன். அவன் தொட்டுத் திரும்பும்போதெல்லாம் உங்கள் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கேட்டதற்கு, கொசு என்றீர்கள்.

அப்போதுதான் அவன் முட்டியில் பச்சை நூலைப் பார்த்தேன். எழுந்து நின்று கத்தினேன். "கழட்டுடா அத! என் தையலப் போட்டுக்கினு எங்களையே அடிக்கிறியா?" கூட்டம் சிரித்தது. அவன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

இடைவேளையில் உங்களைக் காணவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கும்போது வந்து உட்கார்ந்தீர்கள்.

"எங்க போனீங்க?"

"டீ குடிக்க."

டீக்கடை மைதானத்துக்கு இடப்பக்கம். நீங்கள் வந்ததோ வலப்பக்கத்திலிருந்து. சிதம்பரத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தது அங்கேதான். நம் பையன்களின் பலவீனத்தை எல்லாம் சொல்லிவிட்டு வருகிறீர்களோ என்றுகூட நினைத்தேன்.

சேகர் வெறும் முட்டியோடு இறங்கினான். "பாத்தீங்களா, தூக்கி எறிஞ்சிட்டான்" என்றேன். பாடிப் போனவன் ஒரு தடவை அந்த முட்டி தரையில் தேயும்படி விழுந்தான். தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஐயோ என்று எழுந்துவிட்டேன். கடைசியில் அவர்கள் ஜெயித்தபோது வயிறு எரிந்தது. அதன்பின் வீட்டில் அவன் பேச்சு எழவே இல்லை.

ஆக, உறையை வாங்கி வைத்துக்கொண்டது நீங்கள். "அக்காகிட்ட குடுத்துடுங்க மாமா" என்று அவனாகத் தந்தானா, நீங்களே கேட்டு வாங்கினீர்களா? தந்தான் என்றால் என்னிடம் ஏன் தரவில்லை? அடுப்பில் போட்டுவிடுவேன் என்று பயந்திருப்பீர்கள். போட்டிருப்பேன்தான்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. அவன் கால் குச்சிக்கால். இந்த உறையோ பெரிய காலில் ஏறித் தொளதொளத்துப் போயிருக்கிறது. தைலமும் உங்கள் தைலம். நான் தினமும் உங்கள் முட்டியில் தேய்த்துவிட்டது. வீட்டில் இரண்டு படி ஏற முனகுவீர்கள். மைதானத்தில் மேல்வரிசை வரைக்கும் ஏறிவிடுவீர்கள். கேட்டால், "கபடின்னா வலி தெரியல" என்பீர்கள்.

கள்ளன் மாமா நீங்கள்! நம் பக்கம் உட்கார்ந்து, நம் பையன்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, பேண்ட்டுக்குள் அவன் உறையை மாட்டியிருந்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு இவ்வளவு அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் அணி வருகிறது. சேகர் இன்னும் ஆடுகிறானாம். நான் நம் பக்கம்தான் உட்காருவேன். அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டால் நடிப்பு என்றுதான் சொல்வேன். எனக்கும் இப்போது முட்டி வலி. உறையில் நூல் விட்டிருந்த இடத்தைப் பச்சை நூலிலேயே தைத்துவிட்டேன். புடவைக்குள் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

இடைவேளையில் வலப்பக்கமாக ஒரு நடை போய்வருவேன். எங்கே போனாய் என்று யாராவது கேட்டால், டீ குடிக்க என்பேன்.