நட்சத்திரத்தைக் குறைச்சுப் போடு

இன்று காலை பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். பச்சை வாணம் வெடிக்கும் அசைபடம். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட அதன் அடுக்குகளுக்கு நான் வரிசை எண் போடுவேன். நீ வாயில் வந்ததைப் பெயராக வைப்பாய். நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு, ‘கண்ணு கூசுது’ என்ற பெயரோடு. பார்த்ததும் வயிறு எரிந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறதடா, இன்னும் எரிகிறது.

பட்டாசுப் பெட்டியைப் போன் கேமராவில் காட்டினால் வெடி வெடிக்கிற படம் வர வேண்டும் என்று முதலாளி அண்ணாச்சி கேட்ட சீசன் அது. நான் சென்னையில் மூன்று வருடம் கணினி வரைகலை படித்தவன். நீ அவருடைய தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வாணம் வெடித்துச் சோதிக்கும் இடத்தில் நின்றவன். மவுஸ் பிடிக்கவே என்னிடம்தான் கற்றாய். பத்து நாள் உழைத்தேன். பின்னால் நட்சத்திரம் நிறைந்த வானம், பொறி விழும் வேகம், காற்று, புகை எல்லாம் கணக்குப்படி சரி. வெளிச்சத்தை முழுதாக ஏற்றியும் படம் செத்துக் கிடந்தது. “என்னப்பா, கலர்க் காகிதத்தைக் கிழிச்சுத் தூவுன மாதிரி இருக்கு” என்றார் அண்ணாச்சி.

“ஏலே, வெடிக்கையில கண்ணு கூசுமா கூசாதா? அந்நேரம் நட்சத்திரம் எங்கிட்டுத் தெரியும்? அதைக் குறைச்சுப் போடு. நடுவுல வெள்ளையா விடு, ஓரத்துல மட்டும் பச்சை போதும்” என்றாய்.

“பச்சை வாணத்துக்குப் பச்சை வேண்டாமாக்கும்!” என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், திரையில் வெடித்த வெடிக்கு நானே கண்ணைச் சுருக்கினேன். திரையின் வெளிச்சம் ஒரு பொட்டும் கூடவில்லை. நீ அந்தக் கறுப்பு அடுக்கைப் போட்டுச் சுற்றிலும் இருட்டியதில் கண் தானாக ஏமாந்தது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியவன் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

“யாரு போட்டது?” என்றார் அண்ணாச்சி. “ரெண்டு பேரும் சேர்ந்துதான்” என்று முந்திக்கொண்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். “ஆமா அண்ணாச்சி” என்றாய். சண்டை போட்டிருக்கலாமே நீ! அந்தப் பெருந்தன்மையும் உன்னிடமே இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

மஞ்சள் காமாலையில் நீ போன அன்று உண்மையாகத்தான் அழுதேன். இப்போது எந்த வெடி போட்டாலும் முதலில் வானத்தை இருட்டுகிறேன், நடுவை வெள்ளையாக விடுகிறேன். அது உன் கண் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனியை இப்போது பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியின் மகள், நான் திறந்து வைத்திருந்த படத்தை மதியம் வந்து நின்று பார்த்தாள்.

“எம்புட்டு நல்லாருக்கு! இதை எங்கன படிச்சீக?”

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“மெட்ராஸ்ல” என்றேன்.