பொறுக்காத பனங்காய்கள்

ஆவணி 9, திங்கள்
காலையிலேயே சோளகக் காற்று. தாளுக்கு நாலு மூலையிலும் கிளிப் போட்டும் படபடப்பு. நீர்வண்ணக்காரிக்கு இந்தக் காற்று பெரிய சனியன். வானத்துக்குப் பூசிய நீலம், தூரிகையைத் திரும்ப நனைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது.

ஆனாலும் நல்ல நாள். செல்வனின் ஓட்டோவில் பளைப் பக்கம். றோட்டில் இறங்கி, பின்னேரம் வரச் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, தனியே பனைகளுக்குள் நடந்தேன். அப்படியோர் இடம்! இடுப்பளவுக்குப் பொன்நிறப் புல். மாட்டுத்தடம் இல்லை, ஆட்டுச் சத்தம் இல்லை, ஒரு சொப்பிங் பை கூட இல்லை. பனைகளுக்குக் கீழே பழுத்து விழுந்த காய்கள் குவியல் குவியலாக, கறுப்பும் செம்மஞ்சளும். காவோலைகளும் காய்ந்து விழுந்தபடியே. மடக்குக் கதிரையை விரித்து, ஒரே இருப்பில் ஒரு சின்னப் படம். தூரிகை கழுவிய தண்ணீரை எத்தனை தரம் வலப்பக்கப் புல்லுக்குள் வீசி ஊற்றினேனோ.

புல்லுக்குள் ஏதோ சிவப்பு. அதற்கும் ஒரு கீற்று இழுத்தேன். அந்தச் சிவப்பால்தான் படம் எழும்பியது.

காவி நிறம் முடியப்போகிறது. பூனைக்கு மீன் வாங்க வேண்டும்.

ஆவணி 10, செவ்வாய்
வெயில். தலையிடி. சின்னப் படத்தைப் பார்த்துப் பெரிதாகக் கீறத் தொடங்கினேன். இவர் தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார். வானத்தைப் பார்த்தாரா? மனுசனுக்குக் கண்ணெல்லாம் காயில்.

"இஞ்சரும், உவ்வளவு பனங்காயும் எங்கை கிடக்குது? ஒருத்தரும் பொறுக்கேல்லையோ?"

"இல்லை. நீங்கள் போனால் சாக்கிலை அள்ளலாம்."

"அப்ப சரி. உமக்குப் படம், எனக்குப் பணியாரம்."

சிரித்தோம். போகிற வழியையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

ஆவணி 11, புதன்
செல்வன் ஓட்டோ கொண்டு வரும்வரை எழுதுகிறேன். சும்மா இருந்தால் கத்திவிடுவேன்.

விடியவே இவர் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார், சாக்குகளோடு. நான் படத்தில் இருந்தேன். பனங்காய்க்குக் கறுப்புக் கலக்கும்போது, இவர் நேற்றுக் கேட்டது திரும்பக் காதில். ஒருத்தரும் பொறுக்கேல்லையோ? எங்கடை சனம் ஒரு காவோலையை நிலத்தில் விட்டுவைக்குமா? மாடு ஏன் அங்கே மேயவில்லை? பிறகு அந்தச் சிவப்பு. பூ இல்லை. சரிந்து கிடந்த கட்டை, தலையில் சிவப்புப் பெயின்ற். மிதிவெடிக்கு எச்சரிக்கையாக நடுகிற கட்டை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள், நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மூதேவி.

இவருக்கு அழைத்தேன். போன் குசினியில் சார்ஜில் கிடந்து அடித்தது. அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். பிறகு செல்வனுக்கு.

"ஐயோ அக்கா, அங்கை இன்னும் துப்பரவாக்கேல்லை. நீங்கள் றோட்டுக்கரையிலை இருந்து கீறினனீங்கள் எண்டெல்லோ நினைச்சன்!"

ஓட்டோச் சத்தம். முருகா.

பின்னேரம்
போகும் வழியெல்லாம் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்காவிட்டால் எதுவும் நடக்காது என்பது போல.

றோட்டோரம் மோட்டார் சைக்கிள். இவர் உள்ளே, பனையடியில், குனிந்தபடி. உயிரோடு.

"அசையாதேங்கோ! மிதிவெடி! அப்பிடியே நில்லுங்கோ!"

நிமிர்ந்தார். கையில் ஒரு பனங்காய். அதைக் கீழே போடவும் பயம், பிடித்தபடியே நின்றார்.

செல்வன் வெடி அகற்றுகிற ஆட்களைக் கூட்டி வரப் பறந்தான். அவர்கள் வரும்வரை நான் றோட்டில், இவர் உள்ளே. கோழிகளைத் திறந்துவிட்டீரோ என்று அங்கிருந்து கேட்டார். ஓம் என்று கத்தினேன். பொய். பிறகு அவர்கள் வந்து, கருவியை ஆட்டி ஆட்டி, அங்குலம் அங்குலமாக வழி எடுத்தார்கள். ஒவ்வொரு தரம் அது கீச்சிடும்போதும் திரும்பக் காதைப் பொத்தினேன். இவர் வெளியே வந்ததும் சட்டையைப் பிடித்து அடித்தேன், அழுதேன். காய் இன்னும் இவர் கையில்.

அவர்களில் ஒரு பெண்பிள்ளை முகக் கவசத்தை உயர்த்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அங்கை கதிரை வைச்ச குழியள் கிடக்குது. ஆர் இருந்தது?"

"நான்தான்."

"பக்கத்திலை ஒண்டு கிடக்குது. கையை நீட்டினால் படும்."

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வலப்பக்கம்."

ஆவணி 12, வியாழன்
காற்று அடங்கிய காலை. படம் கீற நல்ல வெளிச்சம். தாளுக்குக் கிட்டவும் போகவில்லை. பெரிய படம் பாதியில், பனைகளுக்குக் கீழே வெறும் வெள்ளை. இவர் கட்டிலில், கூரையைப் பார்த்தபடி.

சற்று முன் வேலியோரத்தில் தொப்பென்று ஒரு பனங்காய் விழுந்தது. எங்கள் வளவு. எங்கள் பனை. இருவருக்கும் கேட்டது.

ஒருவரும் எழும்பவில்லை.