உங்கள் தாலிக்கொடி என் கழுத்தில்

அக்கா,

போன கிழமை தோள்மூட்டு நோவென்று எக்ஸ்ரே எடுக்கப் போனேன். அங்கே நின்ற ஜெர்மன் பிள்ளை ஒரு சின்னத் தட்டை நீட்டி, கழுத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் கழற்றி இதில் போடச் சொன்னாள். சட்டைக் கொலரை விலக்கினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சங்கிலியோ?" என்றாள்.

"ஓம். ஒண்டு என்ரை, மற்றது என்ரை அக்காவின்ரை. அவவுக்கு இப்ப நான்தான் கழுத்து" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பிள்ளைக்கு விளங்கவில்லை. விளங்காமலே சிரித்தாள்.

என்னுடைய தாலிக்கொடியைக் கழற்றித் தட்டில் போட்டேன். பிறகு உங்களுடையதில் கை வைத்தேன். கை மேலே எழும்ப மாட்டேன் என்றது. நான் தட்டைப் பார்க்கிறேன், பிள்ளை மணிக்கூட்டைப் பார்க்கிறாள். "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்து என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவீர்கள், பிறகு நான் சொல்ல வந்ததைக் கேட்க மாட்டீர்கள்.

அந்தத் தட்டைப் பார்த்தவுடன் எனக்கு எங்கள் அந்த வன்னிப் பிள்ளையின் நினைப்புத்தான் வந்தது அக்கா. வன்னியில் சண்டை முற்றிப்போன அந்தக் குளிர்காலம். டோர்ட்மண்டில், தாய் தகப்பன் இல்லாமல் தனியே வந்து சேர்ந்த பிள்ளைகளை வைத்திருந்த வீட்டில் நான் துடைக்கிற வேலை செய்தேன். நீங்கள் வெதுப்பகத்தில் பாணும் கேக்கும் விற்றுக்கொண்டு, கூப்பிட்ட நேரம் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மொழிபெயர்க்க வருவீர்கள். வந்தால் சமையலறையில் எட்டிப் பார்க்காமல் போக மாட்டீர்கள். நானும் உங்களைச் சும்மா விட்டதில்லை.

"என்னக்கா, இண்டைக்குப் பொட்டு பெரிசாக் கிடக்கு. அத்தான் வாறாரோ?"

"வந்தால் முதல் உன்ரை வாயைத்தான் தைப்பார்."

வேறொருவரும் உங்களிடம் அப்படிக் கேட்க மாட்டார்கள். அத்தான் ஊரில் ஒரு பகல் நேரம் சைக்கிளில் போனவர். சைக்கிள் மட்டும் ஒரு மதிலோடு சாத்தியபடி கிடந்தது, ஆளைக் காணவில்லை. இத்தனை வருசமும் நீங்கள் கொடியை இறக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. கோயிலில் பெண்கள் உங்களைக் கண்டால் குரலைத் தணிப்பார்கள். நான் குரலைக் கூட்டிப் பகிடி விட்டேன். அதுதான் உங்களுக்கு என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு நல்ல உயரம், பெரிய மனுசி மாதிரி இறுகின முகம். கழுத்தில் மஞ்சள் கயிறு. ஏஜென்ட் கொடுத்த பாஸ்போட்டில் அவளுக்கு இருபத்திரண்டு வயசு, கூட வந்த ஒருவனுக்குப் பெண்சாதி. அந்த ஆள் விமானத்தால் இறங்கியவுடன் தானும் தஞ்சம் கேட்டு, இவள் என் மனைவி என்றே பதிந்துவிட்டான். பிள்ளையோ, எனக்குப் பதினாறு, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்றாள். பிறப்புச் சான்றிதழ் தாயிடம். தாய் வன்னிக்குள். ஃபோன் இல்லை.

ஆகவே சிறுவர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து வயசு சொல்ல வேண்டும். அது எப்படி நடக்கும் என்று நீங்கள்தான் எனக்கு முன்பே சொல்லியிருந்தீர்கள். முகத்தைப் பார்ப்பார்கள், கதைக்கிற விதத்தைப் பார்ப்பார்கள், சொன்ன கதையை முன்னும் பின்னுமாய்க் கேட்பார்கள். "சந்தையில முருங்கைக்காயை முறுக்கிப் பாக்கிற மாதிரியோ?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "பதினெட்டுக்கு மேலை எண்டு சொல்லிப்போட்டினம் எண்டால் இண்டைக்கே பெரிய ஆக்களின்ரை முகாமுக்கு அனுப்புவினம். அந்த ஆள் நிக்கிற முகாமுக்கு. புருசன் பெண்சாதிக்கு ஒரே அறைதான் குடுப்பினம்" என்றீர்கள்.

என் கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டேன்.

பிள்ளை அறைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "அன்ரி வந்தால்தான் வருவன்" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து சோறும் பருப்பும் கொடுத்தவள் நான்தானே. நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கலாம் என்று சட்டம் இருந்ததாம். மூலையில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்தினார்கள். வாய் திறக்கக் கூடாது என்று நீங்கள் தமிழில் இரண்டு தரம் சொன்னீர்கள். "உனக்கு அது ஏலாத காரியம் எண்டு தெரியும். நாக்கைக் கடிச்சுக்கொண்டு இரு" என்றும் சொன்னீர்கள்.

வந்தவர்கள் ஒரு மனுசியும் ஒரு மனுசனும். மனுசி வயசாளி, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தா. மனுசன் இளந்தாரி, நேராக இருந்தார். கெட்ட ஆக்கள் இல்லை. பிள்ளைக்குச் சொக்கலேட் வைத்தார்கள். அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

நீங்கள் பிள்ளைக்கு முதலில் உங்கள் சட்டத்தைச் சொன்னீர்கள். எனக்கு அது பாடம். "நான் ஒரு குழாய், பிள்ளை. நீர் சொல்லுறது அங்காலை போகும், அவை சொல்லுறது இங்காலை வரும். குழாய் தன்ரை பாட்டில ஒண்டும் சொல்லாது."

பள்ளிக்கூடம், வந்த பாதை, சகோதரங்கள் என்று கேட்டார்கள். ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு மனுசி கழுத்தைப் பார்த்தா.

"நீர் கலியாணம் செய்திருக்கிறீரோ?" நீங்கள்தான் தமிழில் கேட்டீர்கள்.

"ஓம்."

உங்கள் வாயிலிருந்து "யா" என்று போனது. மனுசன் எழுதினார். அந்தப் பேனை தாளில் உரசின சத்தம் இப்போதும் என் பல்லுக்குள் இருக்கிறது.

அவர் ஒரு படத்தை எடுத்து வைத்தார். "இவரோ புருசன்?"

"இல்லை. அந்த ஆள் இல்லை."

"அப்ப புருசன் ஆர்?"

பிள்ளை குனிந்துகொண்டாள்.

"எப்ப கலியாணம் நடந்தது?" "அப்ப உமக்கு எத்தினை வயசு?" பிள்ளை நிமிரவேயில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை அக்கா. இவள் பொய் சொல்கிறாள், பெரிய பெண், எங்களைப் பேய்க்காட்டுகிறாள் என்ற பார்வை. நான் நாக்கைக் கடித்தேன். மெய்யாகவே கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது.

மனுசி தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தா. பிள்ளை குனிந்து குடித்தாள். அப்போது தாலி சட்டைக்கு வெளியே வந்து மேசையில் தட்டியது. அவள் பதறி எடுத்து, கண்ணில் ஒற்றிவிட்டு உள்ளே விட்டாள். அந்த ஒரு நொடிதான். கயிறு புதுசு. தாலியோ விளிம்பெல்லாம் மழுங்கித் தேய்ந்திருந்தது. என்னுடையது அதில் பாதிகூடத் தேயவில்லை, இருபது வருசமாகச் சட்டி பானைக்குள் இடிபட்டும்.

நீங்களும் கண்டீர்கள். மனுசன் அடுத்த கேள்வியைக் கேட்டார். நீங்கள் வாய் திறக்கவில்லை. திரும்பவும் கேட்டார்.

"மொழிபெயர்க்கிறீங்களோ?"

"ஒரு நிமிசம் நான் மொழிபெயர்ப்பாளரா இல்லாமல் கதைக்க வேணும்" என்று ஜெர்மனில் சொன்னீர்கள்.

"அது ஏலாது. அப்பிடிச் செய்தால் இந்த நேர்காணல் செல்லாது. வேறை ஆளை வைச்சுத் திருப்பிச் செய்யவேண்டி வரும்" என்றார்.

அடுத்த தரம் யார் வருவார்களோ? டுசல்டோர்ஃபிலிருந்து வருகிற அந்தக் கறுப்பு மீசை மொழிபெயர்ப்பாளர் வந்தால், ஒரு ஆம்பிளைக்கு முன்னால் இந்தப் பிள்ளை தாலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

நீங்கள் கோட்டில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். "சரி, நான் போறன். போக முன்னம் ஒரு கேள்வி. நான் கேக்கேல்லை, நீங்கள் கேளுங்கோ. கலியாணம் கட்டினதோ எண்டு கேட்டனீங்கள். அந்தத் தாலி ஆரின்ரை எண்டு கேக்கேல்லை."

மனுசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவாக, பிள்ளையைப் பார்த்துக் கேட்டா. நீங்கள் தமிழில் சொன்னீர்கள்: "இது ஆரின்ரை தாலி, பிள்ளை?"

பிள்ளை நிமிர்ந்தாள். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். நீங்கள் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து உங்கள் கொடியை வெளியே எடுத்துவிட்டீர்கள்.

"இது என்ரை. அவர் எங்கை எண்டு எனக்கும் தெரியாது. நானும் இறக்கேல்லை."

அதற்குப் பிறகுதான் அவள் உடைந்தாள். "அம்மாட தாலி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவை, வரேல்லை. சனம் எல்லாம் அம்மாவைக் கழட்டு கழட்டு எண்டு சொன்னது. நான் வெளிக்கிடேக்கை அம்மா தன்ரை கழுத்தால எடுத்து எனக்குப் போட்டுவிட்டவ. நிலத்தில வைக்கக் கூடாதாம். ஒரு கழுத்தில இருக்கோணுமாம். தாலியைப் போட்டுக்கொண்டு புருசன் இல்லையெண்டு என்னண்டு சொல்லுறது அன்ரி? அப்பா இல்லையெண்டு சொன்ன மாதிரியெல்லோ?"

அவள் கேட்டது என்னை. நான் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளில் ஒரு பகிடியும் வராமல் நான் இருந்த இடம் அதுதான்.

நீங்கள் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னீர்கள், ஒரு சொல் விடாமல். அதோடு நிறுத்தினீர்களோ? "இதுக்கு முன்னம் மொழிபெயர்ப்பாளர் பிள்ளைக்குச் சொன்னது" என்று தொடங்கி, உங்கள் கொடியைப் பற்றி நீங்கள் சொன்னதையும் வேறு யாரோ சொன்னதுபோல மொழிபெயர்த்தீர்கள். குரல் நேராகத்தான் இருந்தது. மூக்கு மட்டும் வடிந்தது.

மனுசன் பேனையைத் தாளில் வைத்தார். "இது வயசுக்கு அத்தாட்சி இல்லை" என்றார். அது சரிதான். யார் இல்லையென்றது?

"இல்லைத்தான். ஆனால் நாங்கள் அவளைப் பெரிய ஆள் எண்டு நினைச்சது அதைப் பாத்துத்தானே" என்றா மனுசி.

கலந்துபேச வெளியே போனார்கள். கதவு மூடியிருந்தது. முற்றத்தில் ஒரு வாகனம் வந்து நின்றது. பெரிய முகாமுக்கு ஏற்றுகிற வாகனம் அதே மாதிரித்தான் இருக்கும். பிள்ளை என் கையை நசுக்கினாள். நான் தாங்காமல் சொன்னேன்: "பயப்பிடாதை பிள்ளை. அனுப்பினால் அந்த வாகனத்துக்கு முன்னால நான் படுப்பன். இந்த உடம்பைச் சுத்திக்கொண்டு போக டோர்ட்மண்டில றோட்டு அகலம் காணாது." அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பதினாறு வயசு நல்லாகத் தெரிந்தது. பார்க்க வேண்டியவர்கள் வெளியே நின்றார்கள்.

கதவு திறந்தது. கடைசிக் கேள்வியை நான்தானே கேட்டேன், நேர்காணல் செல்லும், சந்தேகம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் பிள்ளை என்றே எடுப்போம், இங்கேயே இருக்கலாம் என்று மனுசி சொன்னா. முற்றத்து வாகனம் துணி தோய்க்கிற கொம்பனியுடையது. ஆனால் அவள் சொன்ன பிறந்தநாளை ஏற்கவில்லை, டிசம்பர் முப்பத்தொன்று என்று வருசத்தின் கடைசி நாளை அவர்களே வைத்தார்கள். அந்த வீட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே பிறந்தநாள்தான். "ஊர் முழுக்க வாணம் விட்டுக் கொண்டாடும், ஒரு சதம் செலவில்லை" என்று நான் சொன்னேன். நீங்கள் அப்போதும் சிரிக்கவில்லை. பெயர் அட்டையைத் திரும்பக் குத்த ஊசி ஏறாமல் நின்றீர்கள்.

மனுசன் நடந்ததை நடந்தபடி எழுதினார். அது அவருடைய வேலை. அதனால் உங்களைக் கனகாலம் ஒருவரும் கூப்பிடவில்லை. நீங்கள் பாண் விற்றீர்கள். ஒருநாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கடைசியில் அந்தக் கண்ணாடி மனுசிதான் ஃபோன் எடுத்துத் திரும்பக் கூப்பிட்டா.

சண்டை ஓய்ந்து, அந்தக் கோடை முடிகிறபோது, வன்னிச் சனத்தை அடைத்துவைத்த முட்கம்பி முகாம் ஒன்றிலிருந்து ஃபோனில் தாயின் குரல் வந்தது. சில வருசம் கழித்துப் பிள்ளை ஊருக்குப் போய்த் தாலியைத் தாயின் கழுத்திலேயே போட்டுவிட்டு வந்தாள். அப்பா வரவில்லை. ஆனாலும் அது தன் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

உங்களுடையதற்குத்தான் போய்ச் சேர இடமில்லை. உங்களை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக வந்தபோது தாதி இதே மாதிரி ஒரு தட்டை நீட்டினாளே. "தட்டில போடேலாது. எடி, குனி" என்றீர்கள். குனிந்தேன். கொழுக்கியை மாட்டிவிட்டு, "இனி உனக்கு ரெண்டு. ரெண்டு பேரோடையும் சண்டை பிடி" என்றீர்கள். நான் தொடங்காமல் நீங்களாக எனக்கு விட்ட முதல் பகிடி. அதற்குப் பிறகு நீங்கள் கண் திறக்கவில்லை.

உங்கள் செத்தவீட்டில் உங்களுக்கு என்ன நிறச் சேலை கட்டுவது, பொட்டு வைக்கலாமோ என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். அந்தப் பிள்ளை தான் இப்போது வேலை செய்கிற ஆஹென் நகரத்திலிருந்து வேலை உடுப்போடு வந்து இறங்கி, ஒருவரையும் கேட்காமல் உங்கள் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்தாள். கொடியை உங்களோடு அனுப்புவோமா என்று கேட்டார்கள். நான் கொலரை இறுக்கி மூடிக்கொண்டேன். நீங்கள் போய்விட்டீர்கள். அத்தான் போனாரா என்று ஒருவருக்கும் தெரியாதே.

சரி, எக்ஸ்ரே.

வெளியே காத்திருக்கிற அறையில் என் மனுசன் சஞ்சிகையில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். "குனியுங்கோ" என்றேன். "என்னத்துக்கு?" "குனியுங்கோ எண்டுறன்." சுற்றிவர ஜெர்மன் கிழடுகள். எல்லாரும் பார்க்க, உங்கள் தாலிக்கொடியை அவருடைய கழுத்தில் போட்டேன். "எனக்கோ தாலி?" என்றார். "கழுத்தெண்டால் கழுத்துத்தான். அசையாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். என்னுடையது தட்டிலேயே கிடந்தது. அதற்குப் பயமில்லை. அதற்குரிய ஆள்தான் வெளியே முழிசிக்கொண்டு இருக்கிறாரே.

திரும்பி வந்தபோது அவர் சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டி, ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி இருந்தார். சஞ்சிகை கீழே விழுந்து கிடந்தது, அவர் எடுக்கவில்லை. பகிடி விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. கொடியைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, என் கழுத்தில் போட்டுவிட்டார். கொழுக்கி மாட்டத் தெரியாமல் வெகுநேரம் நின்றார். நானும் அவசரப்படுத்தவில்லை.

கொடி சூடாக இருந்தது அக்கா.