பின்வரிசை கேட்கவில்லை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். விரல் நுனியில் தோல் உரிகிறது என்று எழுதியிருந்தாய், தூங்கப்போகும் முன் எண்ணெய் தடவிக்கொள், காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாத்தியத் தந்தியைத் தொடு. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் வீட்டுக் குழாய் மட்டும் போகாமல் இன்னும் எங்கள் சுவரில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றார், எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை.

இப்போது பெரிய சேதிக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. உன் இசைக்குழுவின் கச்சேரிகளை எங்கள் வானொலி நிலையத்தில் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒலிபரப்புகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேனே, எல்லாம் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இசை என்று. அது தொடங்கிய வாரத்திலிருந்து நேயர் கடிதப் பிரிவில் என் மேசை நிரம்பி வழிகிறது. இத்தனை வருடத்தில் நான் இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்ததில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பாத்திரக்கடையில் பூனை புகுந்ததை எதற்காக ஒலிபரப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தார். ஒரு அம்மாள், வாத்தியக்காரர்கள் இன்னும் சுருதி சேர்த்து முடிக்கவில்லை, அதற்குள் நிகழ்ச்சியை முடித்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டிருந்தார், அவர் கேட்டதுதான் முழுப்பாட்டு என்று நான் எப்படிப் பதில் எழுதுவேன் சொல். இன்னொருவர், நடுவில் ஒரு நிமிடம் சத்தமே வராததால் ரேடியோவைப் பழுதுபார்க்கத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம், அந்த மௌனமும் இசையில் எழுதியிருப்பதுதான் என்று தெரியாமல். ஆனால் பஸ் ஓட்டுநர் ஒருவர் எழுதியது என் மனதில் நின்றுவிட்டது. முதல் வாரம் எரிச்சலாக இருந்ததாம், மூன்றாவது வாரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாராம், எனக்குள்ளே ஓடுகிற சத்தம் எல்லாம் வெளியே கேட்ட மாதிரி இருந்தது, இது இனிமை இல்லை, ஆனால் பொய்யும் இல்லை என்று எழுதியிருந்தார். அதை இரண்டு தரம் படித்தேன். ஒரு மருத்துவமனை நர்ஸ், வார்டில் பாதிப் பேர் வை என்கிறார்கள், பாதிப் பேர் நிறுத்து என்கிறார்கள், சண்டை போடுகிற உற்சாகத்தில் எல்லோருக்கும் பசி எடுக்கிறது என்று நன்றி சொல்லியிருந்தார்.

என் வேலை உனக்குத் தெரியும், கடிதத்தைப் பிரித்துப் படித்துப் பாராட்டானால் பச்சைக் கோப்பு, புகாரானால் சிவப்புக் கோப்பு. மூன்று மாதம் முடிந்ததும் எண்ணி அதிகாரி அம்மாவிடம் கொடுக்க வேண்டும், சிவப்பு கூடுதலானால் நிகழ்ச்சிக்கு மூடுவிழா. இரண்டாவது வாரமே ஒரு கடிதம் வந்தது. தடிப்பான பென்சிலில் நாலே வரி. பின்வரிசையில் நிற்கும் பெரிய வாத்தியங்கள் கேட்கவில்லை, முன்னால் இருக்கிறவர்கள் சத்தம் மட்டும்தான் வருகிறது, பின்னால் நிற்கிறவர்களும் உழைக்கிறார்கள் அல்லவா, கவனிக்கவும், இப்படிக்கு ஒரு நேயர். பதில் அனுப்புவதற்கு விலாசம் மரப்பட்டறைத் தெரு. தச்சனின் பட்டைப் பென்சிலையும், பலகையில் அளவு குறிக்கிற மாதிரி எழுத்தின் கீழே கோடு இழுப்பதையும் முப்பது வருடமாகப் பார்க்கிற எனக்கு விலாசம் எதற்கு?

உன் அப்பாதான் கண்ணு. நீ பேங்க் வேலையை விட்டுவிட்டு உன்னைவிடப் பெரிய அந்த டபுள் பேஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, இனிமே அந்த மரப்பெட்டிதான் உனக்கு அப்பன் என்று சொன்னாரே, அந்த மனுஷன்தான். இரண்டு வருடமாக உன் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறவர். சனிக்கிழமை நாலு மணிக்கு நான் ரேடியோவைத் திருகினால் போதும், வேலை கிடக்கு என்று சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். நானும் கல்நெஞ்சம் என்று மனதுக்குள் திட்டுவேன். அங்கே போய்ப் பழைய ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு உன்னைத் தேடியிருக்கிறார்.

நான் ஏன் அவரிடமே கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டால் நிறுத்திவிடுவார், அவரை எனக்குத் தெரியாதா. அதனால் அலுவலகத் தாளிலேயே பதில் எழுதினேன், அன்புள்ள நேயரே, தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்படும் என்று. வீட்டில் அவருக்குத் தட்டு வைக்கிறவளும் நான், அலுவலகத்தில் அவரைத் தாங்கள் என்கிறவளும் நான். அந்தப் பதில் அவருக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது, வாரம் தவறாமல் ஒரு கடிதம். ஒருநாள் சாப்பிடும்போது உங்க ஆபீஸ்ல வேலை பாக்கிறவங்களுக்குக் காது இருக்கா என்று பொதுவாகக் கேட்டார், சிலருக்கு இருக்கு என்றேன். எட்டுக் கடிதம் ஆன பிறகு எங்கள் ஒலிப்பதிவுக்காரரிடம் காட்டினேன். தப்பு ஒலிபரப்பில் இல்லம்மா, சின்ன ரேடியோவில் அடித்தந்தியின் தாழ்ந்த நாதம் வராது, நல்ல கனத்த மரத்தில் பெரிய பெட்டி செய்து ஒலிபெருக்கியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள் என்றார். அளவோடு எழுதி அனுப்பினேன். தச்சனிடம் மரப்பெட்டி செய்யச் சொன்னால் என்ன ஆகும், ஒன்பதாவது கடிதத்தில் மரத்தின் கனம் எவ்வளவு என்று கேட்டார், அதையும் எழுதினேன். அதோடு கடிதம் நின்றுவிட்டது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்று மாதக் கணக்கை எடுத்தபோதுதான் தலை சுற்றியது. பாராட்டு முப்பத்தொன்று, புகார் முப்பத்துநாலு. அதில் ஒன்பது உன் அப்பாவுடையது. சொந்தப் புருஷன், சொந்த மகள் சமாச்சாரம், ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று நியாயம் பார்த்து ஒன்பதையும் நானே சிவப்புக் கோப்பில் போட்டிருக்கிறேன். உன்னைக் கேட்கிற ஒரே வழிக்கு என் கையாலேயே குழி பறித்துவிட்டேன். அதிகாரி அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்கவில்லை என்று ஏங்குகிறவர் குறை சொல்கிறவரா என்று கேட்டேன். அவர் சிரித்தார், ஆனாலும் எழுதியது புகார்தானே, நான் கிழித்துப் போட முடியாது, எழுதினவரே கைப்பட வாபஸ் வாங்கட்டும், நாலு நாள் தருகிறேன் என்றார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. நாலே காலுக்குப் பட்டறைக்குப் போனேன். ஆள் உயரத்துக்குப் பாதி வரும் ஒரு பெட்டி, இழைத்து மெருகு போட்டு, அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். அலமாரியிலிருந்து காணாமல் போன உன் மேடை போட்டோ சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான் வந்ததைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை, பேசாதே என்று சைகை காட்டினார். முடிந்ததும், பின்வரிசையில எட்டுப் பேர் வாசிக்கிறாங்க, ஒருத்தர் மட்டும் மயிரிழை பிந்தி வராங்க, அது நம்ம பொண்ணுதான், சின்ன வயசுலயும் பத்துத் தரம் கூப்பிட்டாத்தான் வருவா என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொங்கிவிட்டது. நிகழ்ச்சியை நிறுத்தப்போகிறார்கள், உங்கள் ஒன்பது கடிதமும்தான் காரணம் என்று போட்டு உடைத்தேன். அப்படியானா அந்தப் பதிலெல்லாம் எழுதினது நீதானா என்றார். ஆமாம் என்றேன். கனத்தைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாம், முழங்கால் போச்சு என்று சொல்லிக்கொண்டே பென்சிலைத் தேடினார். இந்தப் பாட்டு பிடிச்சிருக்கான்னு கேக்காதே, பாதி எனக்குப் புரியல, ஆனா நிறுத்தினா சும்மா விடமாட்டேன் என்றார்.

வாபஸ் கடிதம் திங்கட்கிழமை அதிகாரி அம்மா கைக்குப் போனது. படித்துவிட்டு அவரே பச்சைக் கோப்பில் வைத்தார். நிகழ்ச்சி இன்னும் ஆறு மாதம் உண்டு. அந்தக் கடிதத்தை உனக்காக ஒரு தாளில் நகல் எடுத்தேன், அப்படியே எழுதுகிறேன்: “ஐயா, முன்பு எழுதிய ஒன்பது கடிதங்களையும் திரும்பப் பெறுகிறேன். குறை என் ரேடியோவில் இருந்தது, என்னிடத்திலும் இருந்தது. இப்போது கேட்கிறது. பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் என் மகள்.” இந்தத் தரம் ஒரு நேயர் என்று போடவில்லை, தன் பெயரைப் போட்டிருக்கிறார்.

அவர் இன்னும் உனக்கு நேராக எழுதவில்லை, அவசரப்படுத்தாதே, உன் பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறாய். நீ எழுது, முழங்காலைப் பற்றி விசாரி. நீ தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும், நோய் நொடி அண்டாமல் தீர்க்காயுசாக இரு. எண்ணெய் தடவ மறக்காதே, சனிக்கிழமைக் கச்சேரியில் மயிரிழை பிந்தாமல் வா, அல்லது வேண்டாம், பிந்தியே வா, அவர் அதை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடிக்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

இன்னொன்று. உறையைக் கசக்கிப் போட்டுவிடாதே. விலாசம் பென்சிலில் இருக்கும் பார். நான் விலாச நோட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அப்பாவே எழுதி முடித்துவிட்டார், ஒரு எழுத்துப் பிசகாமல்.